கம்பும் காலடியும்



பொங்கல் நாளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் சிலம்பம் சுழற்றுவதை நீங்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் அது புதிய காட்சியன்று. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்ற பின்னர், பெண் பிள்ளைகள் கம்பெடுப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் குறைந்துவிட்டனர். ஆனால் இக்கட்டுரை போட்டியைப் பற்றியதன்று. எவரோடும் போட்டியிட விரும்பாத, எவர் கண்ணையும் நேராகப் பார்க்காத சில பிள்ளைகளுக்கு இந்தக் கம்பு என்ன செய்யும் என்பதே இங்கு நாம் படிக்கப்போகும் பாடம்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். "உன் பெயர் என்ன?" என்று கேட்டால், "உன் பெயர் என்ன?" என்றே திருப்பிச் சொல்வாள். பேசும்போது என் முகத்தைப் பாராமல் சன்னல் கம்பியைப் பார்ப்பாள். இது திமிர் என்று நான் எண்ணினேன். ஒரு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்தியும் விட்டேன். மாலையில் சின்ன வெங்காயம் அரியும் வேலையிலிருந்து நேரே ஓடிவந்த அவள் தாயார், "டீச்சர், அவளுக்குத் திமிரு இல்லைங்க. சத்தம்னா ஆகாதுங்க. பார்க்காட்டியும் எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா" என்றார். அந்தத் தாய் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவரல்லர். எனினும், கல்வியியல் படித்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது.

வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை வேப்பமரத்தடியில் நின்று பெரிய வகுப்பு மாணவியரின் சிலம்பப் பயிற்சியைப் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு நாள்தோறும் பார்த்தாள். மூன்று வாரங்கள் சென்றபின் ஒரு மாலை, கீழே கிடந்த கம்பை எடுத்து, நிலத்தைத் தொட்டு வணங்கி, காலடி வரிசையை முதலிலிருந்து கடைசிவரை ஓர் அடி பிசகாமல் போட்டாள். மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் இடையில் கம்பை இடக்கைக்கு மாற்றி, இடுப்பில் இல்லாத துண்டை இறுக்கிக் கட்டினாள்! எங்கள் சிலம்ப ஆசானுக்குத் துண்டு அவிழும் வழக்கம் உண்டு; அதுவும் வரிசையில் ஒரு பகுதி என்று அவள் கொண்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆசான் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் புள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கிறேன் டீச்சர்" என்றார்.

அவளுக்கு ஆட்டிசம் என்பது பின்னர் மருத்துவர் சொல்லித் தெரிந்தது.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் ஒரு நோயன்று; மூளையின் வளர்ச்சி பிறப்பிலிருந்தே வேறொரு வழியில் செல்வதால் அமையும் நிலை. பிறரோடு பேசிப் பழகுவதில் இடர்ப்பாடு, ஒரே செயலையோ சொல்லையோ திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறியோ மிகக் குறைவாகவோ உணர்தல் என்பன இதன் அடையாளங்கள். ஒருவருக்கு இருப்பதுபோல் மற்றொருவருக்கு இராது. ஒரு சொல்லும் பேசாத பிள்ளையும் உண்டு. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, உணவு இடைவேளையில் எவரோடு அமர்வது என்று தெரியாமல் தவிக்கும் பிள்ளையும் உண்டு.

தமிழில் இதனை மதியிறுக்கம் என்பர். அரசுத் தாள்களில் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்றும் எழுதி வந்திருக்கின்றனர். இந்தச் சொல் எனக்கு உடன்பாடன்று. இப்பிள்ளைகளிடம் புற உலகம் இல்லாமலில்லை. அது கொஞ்சமும் வடிகட்டப்படாமல் உள்ளே வருகிறது. மின்விசிறியின் இரைச்சல், அடுத்த வகுப்பின் வாய்ப்பாடு, சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டு, சாலையில் போகும் சிமெண்ட் லாரியின் ஒலிப்பான் எல்லாம் ஒரே அளவில் வந்து மோதும்போது, ஆசிரியையின் குரலை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எளிதா?

வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஆட்டிசத்தை முதலில் விவரித்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய லியோ கானர் என்று நூல்கள் கூறும். அவர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆனால் அதற்கு முன்பே, 1925-இல், குரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் மாஸ்கோவில் ஆறு சிறுவர்களைக் கண்டு, அவர்களிடம் இதே இயல்புகளை நுட்பமாகக் குறித்து வைத்திருந்தார். அவர்களுக்கு அவர் தந்தது மருந்துப் புட்டியன்று. உடற்பயிற்சி, ஓவியம், தச்சு வேலை முதலியன. உடலை ஒழுங்குபடுத்தினால் உள்ளம் சற்று இளைப்பாறும் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பெண்மணி கண்டிருந்தார். அவர் பெயர் வெளியுலகுக்கு எட்ட வெகுகாலம் ஆயிற்று.

கானர் கண்ட பதினொருவரில் எண்மர் சிறுவர், மூவர் சிறுமியர். இன்றும் ஆண் பிள்ளைகளே மிகுதியாகக் கண்டறியப்படுகின்றனர். பெண்களிடம் இது குறைவு என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் பெண் பிள்ளைகள் பிறரைப் பார்த்துப் பார்த்து நடித்துத் தம் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்கின்றனர் என்றும் ஆய்வாளர் கண்டுள்ளனர். பேசாமல் மூலையில் அமர்ந்திருக்கும் சிறுவனைப் பார்த்து, "இவனுக்கு என்ன?" என்று கேட்கிறோம். அதே நிலையில் அமர்ந்திருக்கும் சிறுமியை, "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். பெண்கள் பள்ளியில் படிக்கும் நீங்களும் கற்பிக்கும் நாங்களும் இதனை இருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

தாயின் அன்புக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் பெரிய மனநூல் அறிஞர்களே எழுதினர். அது தவறு. அமெரிக்காவில் பெர்னார்டு ரிம்லண்ட் என்பவர் 1964-இல் அக்கருத்தை எதிர்த்து நூல் எழுதினார். அவர் தாமே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1977-இல் இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தபோது மரபணுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டென்பது தெளிவாயிற்று. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் வெளிவந்த கட்டுரையும் பொய்யென அறியப்பட்டு 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் நம் ஊர்களில் "கருவுற்றிருந்தபோது கிரகணம் பார்த்தாள்", "காற்று கருப்பு அண்டிவிட்டது" என்று தாயின் தலையிலேயே பழி விழுகிறது. இவ்விதப் பேச்சு உங்கள் தெருவில் எழுந்தால், மேலே கண்ட ஆண்டுகளை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

தற்காப்புக் கலை ஏன்?

அடிதடியைக் கற்றுக்கொடுத்தால் இப்பிள்ளைகள் மேலும் முரடராகிவிட மாட்டார்களா என்று பெற்றோர் அஞ்சுவர். அஞ்சுவது இயல்பே. ஆனால் சிலம்பத்திலோ கராத்தேயிலோ தொடக்க மாணவர் எவரையும் அடிப்பதில்லை. காற்றில், தனியாக, ஒரு வரிசையைத்தான் செய்கிறார். கராத்தேயில் இதற்குக் "கதா" என்று பெயர். ஒக்கினாவாத் தீவில் இட்டோசு என்னும் ஆசான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பள்ளிப் பிள்ளைகள் கற்பதற்கென்றே பழைய கதாக்களை எளிமையாக்கித் தந்தார். ஆக, பள்ளிக்கூடமும் இக்கலையும் நெடுநாள் உறவினரே.

2012-இல் ஈரான் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். 5 முதல் 16 வயதுவரை உள்ள ஆட்டிசப் பிள்ளைகள் 30 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வாரம் நான்கு முறை, 14 வாரங்கள், ஆக 56 வகுப்புகள் கதா கற்றுக்கொடுத்தனர். மற்றவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. கற்றவர்களிடம், கைகளை உதறுதல், உடலை ஆட்டுதல் முதலிய திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் சராசரியாக நூற்றுக்கு 42 பங்கு குறைந்திருந்தன. பயிற்சியை நிறுத்தி ஒரு மாதம் ஆன பின்னரும் அந்தக் குறைவு நிலைத்திருந்தது. 2019-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 வாரங்கள், 26 வகுப்புகள் நடத்திப் பார்த்தோர், பிள்ளைகளின் தன்னடக்கமும் மனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறனும் மேம்பட்டதாகக் கண்டனர்.

இவை சிறிய ஆய்வுகள். முப்பது பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். கையை உதறுவது பல பிள்ளைகளுக்கு மனத்தை அமைதிப்படுத்தும் வழி என்று, ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இன்று எழுதியும் பேசியும் வருகின்றனர். யாருக்கும் தீங்கு செய்யாத அந்த அசைவை ஒழிப்பதே நம் வெற்றி என்று நான் கருதவில்லை. வகுப்பில் ஐந்து நிமிடம் இருக்க முடியாத பிள்ளை அரைமணி நேரம் விருப்பத்தோடு இருந்தாளா? அதுதான் கேள்வி.

எதனால் இது பயன் தருகிறது என்று பாருங்கள். கால்பந்தாட்டத்தில் பந்து எங்கிருந்து வருமென்று எவருக்கும் தெரியாது, பதினொருவர் கத்துவார்கள், முடிவு நொடிக்கு நொடி மாறும். சிலம்ப வரிசையில் முதலடிக்குப் பின் இரண்டாம் அடிதான் வரும். நேற்றும் அப்படியே, நாளையும் அப்படியே. மாற்றத்தை அஞ்சும் மனத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆசான் பேச வேண்டியதில்லை, செய்து காட்டினால் போதும். சொல்லைவிடக் காட்சியை எளிதில் பற்றும் பிள்ளைகளுக்கு இது ஏற்றது. இருவருக்கும் இடையே ஒரு கம்பு நீளம் இடைவெளி இருப்பதால் எவரும் மேலே வந்து படுவதில்லை. கம்பைப் பிடித்து வீசும்போது தசைகளிலும் மூட்டுகளிலும் ஏற்படும் அழுத்தம், "உன் கை இங்கே இருக்கிறது, கால் இங்கே இருக்கிறது" என்று மூளைக்கு ஓயாமல் சேதி அனுப்புகிறது. தன் உடல் எங்கே முடிகிறது என்ற உணர்வே மங்கலாக இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சேதி மிகவும் தேவை.

பயிற்சி நடக்கும் முறை

எங்கள் ஆசான் ஆய்வு நூல் எதையும் படித்தவரல்லர். ஆயினும் அவர் கண்டுகொண்ட முறைகள் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் சொல்வதோடு பெரும்பாலும் ஒத்திருந்தன.

முதல் பத்து நாள் கம்பே கிடையாது. தரையில் சுண்ணாம்பால் பாதங்கள் வரைந்தார். இடப்பாதம் வெள்ளை, வலப்பாதம் செங்கற்பொடி. "வலது காலை முன்னால் வை" என்று சொல்வதை விட்டுவிட்டுத் தாமே அந்தப் பாதத்தில் நின்று காட்டினார். ஒரு நாளைக்கு ஓர் அடிதான். அது பதிந்தபின் அடுத்தது. வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிப்பதை ஒருநாளும் மாற்றியதில்லை. இறுதி வணக்கம் வந்தால் வகுப்பு முடிந்தது என்று சிறுமிக்குத் தெரியும். பயிற்சியின் பகுதிகளை நான் நான்கு படங்களாக வரைந்து மரத்தில் மாட்டினேன். முடிந்த பகுதியின் படத்தை அவளே திருப்பி வைப்பாள். இது எளிய உபாயந்தான், ஆனால் "இன்னும் எவ்வளவு நேரம்?" என்ற அச்சம் அதனால் நீங்கிற்று.

கம்பு எடுத்தபோது, அவள் நெற்றி உயரத்துக்கு அளந்து, கனம் குறைந்த மூங்கிலாகத் தேர்ந்தார் ஆசான். கம்போடு கம்பு மோதும் ஓசை அவளுக்கு ஆகவில்லை. ஆகவே கம்பு நுனிகளில் பழைய சேலைத்துணி சுற்றப்பட்டது. சீருடையின் கழுத்துச் சீட்டு வெட்டி எடுக்கப்பட்டது. துண்டை இறுக்கும் வழக்கத்தையும் ஆசான் விட்டார். அவர் இடுப்பில் அன்றுமுதல் தோல்வார் ஏறியது!

எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது "நில்" என்னும் பயிற்சி. வீச்சு எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஆசான் "நில்" என்று சொல்லிக் கையை உயர்த்தினால், கம்பு நின்ற இடத்தில் நிற்கவேண்டும். விளையாட்டுப்போல் ஒரு வகுப்பில் இருபது முறை இதைச் செய்வார். இது எதற்கு என்று கேட்பீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் ஒருவரும் அறியாமல் வீட்டைவிட்டு வெளியேறி நடந்துவிடுவர். பலருக்கு நீர்நிலைகளின் மேல் தீராத ஈர்ப்பு. நம் மாவட்டங்களில் வயல் நடுவே கைப்பிடிச் சுவரில்லாக் கிணறுகள் எத்தனை! அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் எவ்வளவு ஆழத்துக்குத் தேங்குகிறது! தாய் மக்காச்சோளக் காட்டில் நிற்க, பிள்ளை கிணற்றை நோக்கி ஓடினால், அவர் கூவும் ஒரு சொல்லுக்கு அப்பிள்ளையின் கால் தானாக நிற்கவேண்டும். ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் ஒரு நாள் சாலையைக் கடக்கப் பாய்ந்த மகளைத் தாயார் "நில்" என்று கூவ, அவள் நின்றாள். லாரி கடந்து சென்றது. அன்று அந்த அம்மாள் பள்ளிக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுப் போனார். பின்னர் வேறொருவர் சொல்லித்தான் எனக்கு நடந்தது தெரியும்.

"நில்" ஒன்றே போதுமென்று கிணற்றை மூடாமல் விட்டுவிடக் கூடாது. நீச்சலும் கற்பிக்கவேண்டும். மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்னும் ஆட்டிசம் உள்ள சிறுமி, 2022 மார்ச் மாதத்தில், தம் 13-ஆம் வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து நம் தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை பாக் நீரிணையை 13 மணி 10 நிமிடங்களில் நீந்திக் கடந்தார். நீர் மேலுள்ள ஈர்ப்பு கற்றுக்கொடுப்பவர் கையில் எப்படி மாறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

எச்சரிக்கை

தற்காப்புக் கலை ஆட்டிசத்தைக் "குணப்படுத்தும்" என்று எவரேனும் பணம் கேட்டால் நம்பாதீர்கள். குணப்படுத்தும் மருந்தோ பயிற்சியோ இல்லை. இப்பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பும் இருக்கலாம். ஆகவே மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. தலையில் அடிபடும் மோதல் பயிற்சியும் வேண்டாம். பிள்ளை அழுது துடிக்கும்போது ஒழுக்கம் என்ற பெயரில் கையைப் பிடித்து இழுத்துப் பயிற்சி செய்விக்கும் ஆசானிடம் அனுப்புவதைவிட வீட்டில் வைத்திருப்பதே மேல். தண்டனையாகத் தோப்புக்கரணம் போடவைக்கும் இடமும் இவர்களுக்கு ஆகாது. கற்றதை எங்கே செய்யலாம், எங்கே செய்யலாகாது என்பதையும் படமாகவே கற்பிக்கவேண்டும். எங்கள் சிறுமி ஒருமுறை உணவுக்கூடத்தில் துடைப்பத்தைச் சுழற்றி இரண்டு சாம்பார் வாளிகளைக் கவிழ்த்தாள்.

எங்கே செல்வது?

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம் பெற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றது; அவற்றுள் ஆட்டிசமும் ஒன்று. சட்டம் குறிக்கும் அளவுக்குக் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுவரையான பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெற உரிமை உண்டு. ஆகவே "உங்கள் பிள்ளைக்கு இங்கே இடமில்லை" என்று கேட்டுத் திரும்பிய பெற்றோர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சான்றிதழும் அடையாள அட்டையும் பெறும் வழியும் அங்கே சொல்வார்கள். சிறு குழந்தையாயின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காட்டவேண்டும்; எவ்வளவு இளமையில் காட்டுகிறோமோ அவ்வளவு நன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. ஒன்றியங்களில் பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பாசிரியர்கள் இருக்கின்றனர் என்பது நம் பெற்றோரில் பலருக்கு இன்னும் தெரியாது.

இனி அந்தச் சிறுமியைப் பற்றி. ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றவேண்டுமென்று எங்களுக்கு ஆசை. ஒலிபெருக்கியும் பறையும் கைதட்டலும் நிறைந்த அந்த மேடை அவளுக்கு எத்தகைய வேதனை என்பதை எண்ணி விட்டுவிட்டோம். அதற்குப் பதில், விழா நாளன்று காலை ஏழு மணிக்கு, வேப்பமரத்தடியில், அவள் வகுப்பு மாணவியர் நாற்பது பேர் ஓசையின்றித் தரையில் அமர்ந்திருக்க, அவள் வந்தாள். தாயாரும் ஆசானும் ஓரமாய் நின்றனர். எவரும் கைதட்டக்கூடாது, மகிழ்ச்சியைக் காட்ட இரு கைகளையும் உயர்த்தி விரல்களை மட்டும் அசைக்கவேண்டும் என்று வகுப்புத் தலைவி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அது மாணவியர் தாமே கண்டுபிடித்த ஏற்பாடு. வணக்கம் போட்டாள். வரிசை முழுவதும் செய்தாள். இறுதி வணக்கத்துக்குப் பின் நாற்பது பேரின் கைகளும் உயர்ந்து அசைந்தன. அவள் அவர்களைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கம்பைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கைகளை உயர்த்தி அவ்வாறே அசைத்தாள். அடுத்து, மரத்தில் மாட்டியிருந்த கடைசிப் படத்தைத் திருப்பி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.